செலவு யார் தலையில்?

சீனாவில் ஊழியம் செய்த பாதிரிமாரைப் பற்றிய புத்தகங்களைக் கல்முனையில் இருந்து வாசிக்கும்போது, எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிட முடிவதில்லை. இந்தக் கரைக்கும் அவர்கள் வந்தார்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த வருஷமே அங்கேயே மௌத்தாகிவிட்டார். தான் நம்பியதற்குத் தன் உயிரையே கொடுத்த மனிதர். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்துத்தான் பிற்பாடு ராமகிருஷ்ண மடத்துத் துறவியானார்.

ஆனாலும் என் உம்மாவின் வாப்பா பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பவில்லை. இங்கிலீசு வரும், ஈமான் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சீன வரலாற்றை வாசித்தால் அது விளங்கும்.

1832இல் கார்ல் குட்ஸ்லாஃப் என்ற மிஷனரி, ஜார்டின் கம்பெனியின் அபின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராகச் சீனக் கரையோரம் போனார். கப்பலில் அபின் பெட்டிகள், அவர் கையில் சீன மொழியில் அச்சிட்ட வேதப் பிரசுரங்கள். இறங்கிய இடங்களில் நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். 1842இல் அபின் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கைப் பேச்சிலும் பிரிட்டிஷ்காரருக்காக மொழிபெயர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1858இல் வந்த தியென்சின் உடன்படிக்கை உள்நாட்டுக்குப் போய்ப் பிரசங்கம் செய்யும் உரிமையைப் பாதிரிமாருக்குக் கொடுத்தது. அதுவும் போரின் நடுவே வாங்கியதுதான். 1900இல் அந்நியருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராகப் பாக்ஸர் கலகம் வெடித்தபோது செத்தவர்களில் மிஷனரிகளைவிடச் சீனக் கிறிஸ்தவர்களே மிக அதிகம். அபினோடும் போரோடும் வந்த பிரசங்கத்தின் கடனை உள்ளூர்ச் சனம் அடைத்தது.

என்னை அதிகம் உலுக்கியது பேர்ள் பக். 1938இல் நோபல் பரிசு பெற்றவர், சீனாவில் வளர்ந்த மிஷனரி மகள். 1936இல் தகப்பனைப் பற்றி ஒரு நூலும் தாயைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். தகப்பன் அப்சலம், புதிய ஏற்பாட்டைச் சாதாரணச் சீனருக்கு விளங்கும் நடையில் மொழிபெயர்த்தார். அதை அச்சடிக்க வீட்டுச் செலவுக்கான காசு போனது. தாய் கரோலின் பெற்ற ஏழு பிள்ளைகளில் மூன்று பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். தகப்பனின் நேர்மையை மகள் மறுக்கவே இல்லை. அவரை மதித்துக்கொண்டே, வீட்டில் யாருக்கு என்ன இல்லாமல் போனது என்பதையும் எழுதினார். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பாதிரியாரைக் குறை சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. மார்க்கப் பணிக்கென்று வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களின் நிய்யத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாத நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளும், கடைக்காரரிடம் கொப்பியில் கடன் எழுதச் சொல்லி நிற்கிறவளும் வீட்டில் இருக்கிற பெண்தானே? பயான் மேடைகளில் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை.

நபித்தோழர் ஸல்மான் (ரழி), இன்னொரு தோழரான அபூதர்தா (ரழி) வீட்டுக்குப் போன சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். அபூதர்தா பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் அவருக்குச் சொன்னார். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்களும் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சு தொடங்கியதே, அபூதர்தாவின் மனைவி உம்முத் தர்தா உடுத்தியிருந்த கோலத்தை ஸல்மான் கவனித்து, ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டதில்தான்.