மன்னித்த பிறகு கதவைத் திறக்க வேண்டுமா?

கிறிஸ்தவக் காதல் நாவல் என்று ஒரு தனி வகையே அமெரிக்கப் புத்தகச் சந்தையில் உண்டு. ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' 1979இல் வந்து அதற்குப் பெரிய வாசகர் கூட்டம் இருப்பதைக் காட்டியது. பின்னால் வந்தவர்கள் காதலோடு திகிலையும் சேர்த்தார்கள். டீ ஹென்டர்சனின் 'டேஞ்சர் இன் தி ஷேடோஸ்' நாவலில், சிறுவயதில் கடத்தப்பட்ட ஒரு பெண் வளர்ந்து ஆளான பிறகும் காவலுக்குள்ளேயே வாழ்கிறாள். இத்தகைய கதைகளின் போக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருத்திக்கு ஆபத்து வருகிறது, மன்னிக்க முடியாத ஒன்றை மன்னிக்க வேண்டியிருக்கிறது, காதல் கைகூடுகிறது. கடைசி அத்தியாயத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். கெட்டவன் செத்துவிடுவான், இல்லையென்றால் பிடிபட்டுவிடுவான். எனவே, மன்னித்தவள் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எழ இடமே இருக்காது.

வாழ்க்கையில் முதலில் எழுவது அந்தக் கேள்விதான். தீங்கு செய்தவர் கதை முடிந்ததும் காணாமல் போவதில்லை. அதே வீட்டில், அதே தெருவில், ஞாயிறுதோறும் அதே ஆலயத்தில் இருக்கிறார். மன்னிப்பது கிறிஸ்தவருக்குக் கட்டளை என்பதில் சந்தேகம் இல்லை. மன்னிக்கப்பட்டவரை மறுபடியும் நம்புவதும், அவருடன் ஒரே கூரையின் கீழ் வாழ்வதும் அந்தக் கட்டளையில் சேர்த்தியா என்பதில்தான் சிக்கல்.

சேர்த்திதான் என்ற எண்ணத்துக்கு அழகான வடிவம் கொடுத்த நாவல் பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்'. 1991இல் முதலில் வந்தது, 1997இல் கிறிஸ்தவப் பதிப்பகம் ஒன்றின் திருத்திய பதிப்பாக வந்தது, 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, 2022இல் படமாகவும் ஆனது. ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850இன் கலிஃபோர்னியா தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது இந்நாவல். வேதாகமத்தில் ஓசியா, தன்னைவிட்டுப் போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டு வருகிறார். நாவலில் அந்த இடத்தில் மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி நிற்கிறான். குழந்தையாக இருக்கும்போதே விபசாரத்துக்கு விற்கப்பட்ட ஏஞ்சல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் ஓடிப்போகிறாள், அவன் போய் அழைத்து வருகிறான். மறுபடியும் போகிறாள்; மறுபடியும் மன்னிக்கிறான்.

இந்தக் கதையைப் படித்து உருகாதவர் குறைவு. அந்த உருக்கத்துக்கு நியாயமும் இருக்கிறது. அன்பு கணக்குப் பார்க்கத் தொடங்கினால் அது வியாபாரம் ஆகிவிடும் என்பது உண்மை. தகுதியானவர்களை மட்டும் மன்னிப்பதென்றால் மன்னிப்பு என்ற ஒன்றே தேவையில்லை. தவறு செய்தவர் திருந்தும்வரை காத்திருக்காமல் முதல் அடியை எடுத்து வைப்பதுதான் கிறிஸ்தவ அறத்தின் தனி முத்திரை. இயேசு சொன்ன உவமையில், ஊதாரி மகன் இன்னும் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான்; மகன் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளை முழுதாகச் சொல்லக்கூட விடுவதில்லை.

ஆனால் இந்த இரண்டு கதைகளிலும் மன்னிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். மைக்கேல் உடல் வலு உள்ள ஆண். நிலம் அவன் பேரில் இருக்கிறது. வண்டியும் குதிரையும் அவனுடையவை. ஏஞ்சல் அவன் மனதை உடைக்க முடியும், எலும்பை உடைக்க முடியாது. ஊதாரி மகனின் தகப்பன் சொத்தில் ஒரு பங்கை இழந்தான். திரும்பி வந்த மகனால் அவன் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. அப்போதும்கூட மிச்சச் சொத்து மூத்தவனுக்குத்தான் என்று தகப்பன் தெளிவாகச் சொல்லிவிடுகிறான். இளையவனுக்கு விருந்து உண்டு, மோதிரம் உண்டு. தின்று தீர்த்த பங்கு மட்டும் திரும்ப வரவில்லை.

பாத்திரங்களை இடம் மாற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். அடிக்கிற கணவன், அடிபடுகிற மனைவி. அவளிடம் ஓசியாவைக் காட்டி, "நீயும் இப்படி அன்பு காட்டு" என்று சொன்னால் கதையின் அறமே தலைகீழாகிவிடுகிறது. ஓசியா தன் மானத்தையும் நிம்மதியையும் பணயம் வைத்தார். அவள் தன் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைக்க வேண்டும். ஓசியா கடவுளின் கட்டளையைத் தானே ஏற்று முன்வந்தார். அவளைப் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். ஆபத்தைத் தன் விருப்பத்தோடு ஏற்பது தியாகம். அடுத்தவர் ஏற்கட்டும் என்று ஆலோசனை சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அப்படியானால் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன கட்டளை என்ன ஆவது? மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் வரும் இந்தக் கட்டளையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், குற்றம் செய்தவனை எப்படி நடத்துவது என்பதற்கு ஒரு முறை சொல்லப்பட்டிருப்பதை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. முதலில் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் ஒருவரையோ இருவரையோ சாட்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபைக்குத் தெரிவிக்க வேண்டும். சபைக்கும் கீழ்ப்படியாதவனை வெளியாளாகவே வைக்கலாம். எண்ணிக்கை இல்லாத மன்னிப்பும், சாட்சி வைத்து எல்லை போடுவதும் ஒரே அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை.

இதை வாழ்ந்து காட்டியவன் தாவீது. தன்னைக் கொல்லத் துரத்திய ராஜா சவுல் என்கேதி குகையில் தனியாகச் சிக்கியபோது, தாவீது அவன் சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறான். சவுல் வாய்விட்டு அழுகிறான். தாவீதே தன்னைவிட நல்லவன் என்று ஒப்புக்கொள்கிறான். நாவலாக இருந்தால் இங்கே இருவரும் கட்டித்தழுவி அரண்மனைக்குப் போயிருப்பார்கள். வேதாகமத்திலோ சவுல் தன் வீட்டுக்குப் போகிறான்; தாவீது தன் ஆட்களுடன் பாதுகாப்பான மலை அரணுக்கு ஏறிப்போகிறான். அவன் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை. சவுல் 3,000 பேரோடு மறுபடியும் தேடி வருகிறான். இம்முறை தாவீது இரவில் பாளயத்துக்குள் புகுந்து, தூங்குகிற சவுலின் தலைமாட்டில் இருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு வருகிறான்; ஆளைத் தொடவில்லை. சவுல் பாவம் செய்தேன் என்கிறான், மகனே திரும்பி வா என்கிறான், இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன் என்கிறான். தாவீது என்ன செய்தான்? எதிர்ப்பக்கத்து மலையுச்சியில் நின்றபடியே, ஈட்டியை வாங்கிக்கொண்டு போக ஒரு வாலிபனை அனுப்பச் சொன்னான். தான் இறங்கி வரவில்லை. பிறகு நாட்டு எல்லையையே தாண்டிப்போய், காத் ஊரின் ராஜா ஆகீசிடம் தஞ்சம் புகுந்தான்.

பழிவாங்க இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தும் கைவிட்டவனை மன்னிக்காதவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவன் சவுலின் பந்திக்குத் திரும்பவும் இல்லை. பழியை விடுவது தாவீதின் கையில் இருந்தது, விட்டான். நம்பிக்கையைச் சம்பாதிப்பது சவுலின் கையில் இருந்தது, அவன் சம்பாதிக்கவில்லை. 1726இல் வெளியான தன் பிரசங்கங்களில் இங்கிலாந்தின் ஜோசப் பட்லர் பேசியதும் ஏறக்குறைய இதுதான். அநீதியைக் கண்டு வரும் கோபம் மனிதருக்கு இயல்பாக அமைந்தது, அதற்குப் பயனும் உண்டு. அது வன்மமாகவும் பழியாகவும் முற்றாமல் காப்பதே மன்னிப்பின் வேலை என்பது அவர் வாதம். தீங்கு செய்தவரின் நன்மையை விரும்பிக்கொண்டே அவரைக் கண்டு எச்சரிக்கையாகவும் இருக்க முடியும்.

எச்சரிக்கை வேறு, மன்னிக்க மறுப்பது வேறு என்பதை எப்படிப் பிரித்து அறிவது? எதிர்த்தரப்பின் கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. காலம் முழுக்கக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. தண்டிப்பதற்கு வேறு வழி இல்லாததால் விலகி இருப்பதையே தண்டனையாக்கிவிடுகிறார்கள். இதற்கு யோசேப்பின் கதையில் ஒரு உரைகல் கிடைக்கிறது. தன்னை விற்றுவிட்ட சகோதரர்கள் தானியம் வாங்க எகிப்துக்கு வந்தபோது, யோசேப்பு உடனே தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. சிமியோனைப் பிடித்து வைக்கிறான், பென்யமீனைக் கொண்டுவரச் சொல்கிறான், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சிக்க வைக்கிறான். ஒரு காலத்தில் தம்பியை விற்க யோசனை சொன்ன யூதா, இப்போது தம்பிக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி கெஞ்சுகிறான். அந்தக் கணத்தில்தான் யோசேப்பு உடைந்து அழுகிறான். இடையில் இருமுறை யாருக்கும் தெரியாமல் ஒதுங்கிப்போய் அழுததும் உண்டு. அவர்கள் மாறியிருக்க வேண்டும் என்று ஏங்கியவன் அவன். எதிராளி மாறினால் சந்தோஷப்படுகிற மனம் இருந்தால் அது எச்சரிக்கை. மாறிவிடுவாரோ என்று உள்ளூர எரிச்சல் வந்தால் அது பழி.

இதே விஷயத்தில் 'ரிடீமிங் லவ்' நாவலும் தன் புகழைவிடக் கூர்மையானது. அதன் மையக் காதலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். பால் என்ற பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. மைக்கேலின் செத்துப்போன தங்கையின் கணவன் அவன். ஏஞ்சலை அடியோடு வெறுக்கிறான். அவளைப் பழைய ஊருக்கு வண்டியில் கூட்டிப்போகிற வழியில், அதற்குக் கூலியாக அவள் உடலையே கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஊர் பார்வையில் அவன் யோக்கியன், அவள் கெட்டவள். நாவலின் கடைசிப் பகுதியில் ஏஞ்சல் திரும்பி வராத எண்ணத்தோடு கணவனைவிட்டுப் போய்விடும்போது மைக்கேல் முதல் முறையாக அவளைத் தேடிப் போகாமல் இருக்கிறான். அவள் சான்ஃபிரான்சிஸ்கோவில் தன் காலில் நின்று, தன்னைப்போன்ற பெண்களுக்காக ஒரு இல்லம் நடத்துகிறாள். மூன்று வருடம் போகிறது. அப்போது அவளைத் தேடி அங்கே போய், தான் செய்த பாவத்தை அவள் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பவன் பால்தான்.

இங்கே முறை சரியாக அமைந்திருக்கிறது. குற்றம் செய்தவன் பயணம் செய்கிறான். பாதிக்கப்பட்டவள் தன் இடத்தில், தன் ஆட்களுக்கு நடுவே இருக்கிறாள். அவன் தன் குற்றத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறான். அவள் கணவனிடம் திரும்பிப் போவதும், யாரும் இழுத்துப்போகாமல் தானே முடிவெடுத்துப் போவதாக ஆகிறது. மைக்கேல் அவளைத் திரும்பத் திரும்ப மீட்டு வந்த அத்தியாயங்களைவிட, அவளைத் துரத்தாமல் விட்ட அந்த மூன்று வருடத்தில்தான் அவள் மீட்சி நடக்கிறது. முன்பு அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்ததுகூட, விடுதிக் காவலாளி அடித்துக் குற்றுயிராக்கிய நிலையில் சொன்ன வார்த்தைதான். நினைவு தெளிந்து சொன்ன சம்மதம் ஆகாது. எனவே, இந்தக் கதையை முன்மாதிரியாகக் காட்ட விரும்புகிறவர்கள் கடைசிப் பகுதியைக் காட்ட வேண்டும், முதல் பகுதியை அல்ல.

மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சி உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக மனைவி கிளாடிஸ் அறிவித்தார். பாரிபதாவில் தொழுநோயாளிகளிடையே வேலையையும் தொடர்ந்தார். அதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளிக்குக் கீழ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பு, அவர் மனதில் வெறுப்பு குடியேறாமல் காத்தது. இன்னொரு குடும்பத்துக்கு இது நேராமல் காப்பது அரசின் கடமை. தன் பங்குக்கு மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. மற்றவர்களின் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட எந்தத் தனி மனிதருக்கும் உரிமை இல்லை.

ஆகவே பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது பழியைக் கைவிடுவது. அதற்கும் அவருக்குக் கால அவகாசம் வேண்டும். அடிபட்ட மறுநாளே அவரை மன்னிக்கச் சொல்வது அவர்மீது இன்னொரு சுமையை ஏற்றுவது. தீங்கு செய்தவர் செய்ய வேண்டியது சுவிசேஷத்தில் வரும் சகேயு செய்தது: அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார் அவர். அதோடு, இழந்த நம்பிக்கையைத் திரும்பக் கேட்டு வற்புறுத்தாமல் இருப்பதும் மனந்திரும்புதலில் அடக்கம். "மன்னித்துவிட்டாயே, இன்னும் ஏன் விலகியிருக்கிறாய்?" என்று கேட்பவர் இன்னும் மனந்திரும்பவில்லை. சபைக்கும் குடும்பத்துக்கும் மிஞ்சுகிற வேலை இரண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு இடமும் துணையும் கொடுப்பது, குற்றம் செய்தவரைக் கணக்குக் கேட்பது. நடைமுறையில் இது தலைகீழாக நடப்பதைத்தான் அதிகம் காண்கிறோம். கணக்குக் கேட்பது சங்கடமானது, சமாதானப்படுத்துவது சுலபமானது என்பதால், வலுவில்லாதவரிடம் போய் இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மறப்போம், மன்னிப்போம் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். மன்னிப்பதற்கு மறக்க வேண்டிய அவசியமில்லை. சில வேளைகளில் மறக்காமல் இருப்பதே கடமை. ஒருவரை மன்னித்து, அவர் நலனுக்காக ஜெபித்து, அவர்மேல் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறாமல், அவருக்குத் தெரியாத முகவரியில் குடியிருக்கும் ஒரு பெண் கட்டளையில் பாதியை மட்டும் நிறைவேற்றியவள் அல்ல. அவள் அதை முழுதாக நிறைவேற்றிவிட்டாள். இனி ஏதாவது பாக்கி இருந்தால், அது அவர் தீர்க்க வேண்டிய பாக்கி.