மரணத்துக்கும் சுவை உண்டோ?

மக்தபில் ஓத வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் முன்னொரு நாள் நம்மை மடக்கினான். உயிர்கள் அனைத்துக்கும் மரணம் உண்டென்பதைத் திருமறை மூன்று இடங்களில் (3:185, 21:35, 29:57) கூறும்போது, ‘சுவைத்தல்’ என்னும் வினையையே ஆள்கிறது. அதற்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தோம். “ஹஜ்ரத், சுவைக்கிறதுன்னா நல்லாத்தானே இருக்கணும்? மவ்த்து நல்லாவா இருக்கும்?” என்றான். அவன் தாயார் மவ்த்தாகி அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. நாமோ, “அனுபவித்தல் என்று பொருள், மேலே ஓது” என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டோம்.

சுவை என்றதும் இன்பத்தையே நினைப்பது அந்தச் சிறுவனின் பிழை அன்று. நம் காலத்துப் பேச்சுவழக்கே அப்படி ஆகிவிட்டது. ‘மஜா’ என்னும் சொல்லைப் பாருங்கள். உர்து வழியாக நம் தெருவரை வந்துவிட்ட இதனை அரபுச் சொல் என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இது பார்சீகச் சொல். அங்கே ‘மஸா’ என்றால் உணவின் சுவை, அவ்வளவே. லெபனான், சிரியா நாட்டு விருந்துகளில் சிறு சிறு தட்டுகளில் பரப்பி வைக்கும் பண்டங்களுக்கு ‘மஸ்ஸா’ என்று பெயர் வந்ததும் இதிலிருந்தே என்பர். இந்திய மண்ணில் அது நாவை விட்டிறங்கிக் களிப்பாயிற்று, பின்னர்க் கேளிக்கையாயிற்று. ஆயினும் பழைய பொருள் முற்றிலும் செத்துவிடவில்லை. ஒருவனுக்கு ‘மஸா’வைச் சுவைக்கக் கொடுப்பது என்று உர்துவில் சொன்னால், அவனுக்குத் தக்க பாடம் புகட்டுவது என்றே பொருள்.

இதைவிட வியப்பு, கேலியைக் குறிக்கும் ‘மஸாக்’ என்னும் உர்துச் சொல். இதன் வேர் அரபுதான். சுவையைக் குறிக்கும் ‘மதாக்’ என்னும் அரபுச் சொல்லே வாய் மாறி, பொருளும் மாறி, நகைப்புக்குப் பெயராகிவிட்டது. அதே வேரில் பிறந்த ‘தவ்க்’ மட்டும் இலக்கிய ரசனை என்னும் பொருளில் மானத்தோடு பிழைத்தது. பஹதூர்ஷா ஸஃபரின் கவிதை ஆசானாக விளங்கி 1854-இல் மறைந்த கவிஞர், ‘ஸவ்க்’ என்று அதனையே தம் புனைபெயராகச் சூடிக்கொண்டார்.

அரபு மூலத்தில் இந்த வேர்ச்சொல்லுக்கு இன்பத்தோடு கட்டாய உறவு எதுவும் இல்லை. ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவரும் விலக்கப்பட்ட மரத்தைச் சுவைத்ததைச் சொல்லுமிடத்தில் (7:22) இவ்வினை வருகிறது. இறைவன் மனிதருக்கு அருளைச் சுவைக்கத் தருவதைச் சொல்லுமிடத்திலும் (30:36) வருகிறது. வேதனையைப் பற்றி வருவன இவற்றினும் மிகுதி. ‘நஹ்ல்’ அத்தியாயத்தில் (16:112) ஓர் ஊராருக்குப் பசியும் அச்சமுமாகிய ஆடையைச் சுவைக்கச் செய்ததாக வருகிறது. ஆடையை உடுத்துவார்களா, சுவைப்பார்களா? பலாகத் பாடத்தில் மாணவர்கள் தவறாமல் தடுமாறும் இடம் இது. துன்பம் மேனி முழுவதையும் சூழ்ந்ததற்கு ஆடை. உள்ளே இறங்கி உறைத்ததற்குச் சுவை. பிறர் சொல்லக் கேட்டு அறிய முடியாததை, இடையில் எவரும் இல்லாமல், தானே சந்திப்பதுதான் தவ்க்.

தமிழும் இதில் பின்தங்கியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் சுவையை வைத்தே மெய்ப்பாடுகளை விளக்கினர். அந்த எட்டில் உவகை இருப்பதைப் போலவே அழுகையும் அச்சமும் இருக்கின்றன.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்முன்கித்’ நூலில் இச்சொல்லை ஒரு வாயிலாகவே நிறுத்துகிறார்கள். சூஃபிகளின் நூல்களையெல்லாம் கற்று முடித்தபின், எஞ்சியிருப்பது கற்றுப் பெறத்தக்கதன்று, சுவைத்தே பெறத்தக்கது என்று கண்டார்களாம். நோயுற்ற மருத்துவருக்கு உடல்நலத்தின் இலக்கணம் தெரியும், உடல்நலம்தான் இல்லை. 1095-ஆம் ஆண்டு, பக்தாத் நிஜாமிய்யாவில் பேராசிரியராக இருந்த அவர்களுடைய நாவே பாடம் சொல்ல எழவில்லை. உணவும் உள்ளே இறங்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத் தத்தளிப்புக்குப் பின் அந்தப் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். சுவையைப் பற்றி எழுதியவருக்கு வாய்ச்சுவையே அற்றுப்போன காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் பல்லாண்டு இந்நூலைப் படித்தும் கவனிக்கவில்லை.

நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர் தேவை கருதி நுனிநாவில் உப்புப் பார்த்து உமிழ்ந்துவிட்டால் நோன்பு முறியாது. தேவையின்றிச் செய்வது மக்ரூஹ். ஃபிக்ஹ் பாடத்தில் இதனை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ‘ஸப்ர்’ என்பதற்கு அகராதிப் பொருள், மரபுப் பொருள், வகைகள் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்போம். அவற்றில் பெரும்பாலானவற்றை நாமும் உப்புப் பார்த்தவரைப் போல் நாவில் வைத்து உமிழ்ந்தவர்தாமோ என்னும் ஐயம் ஐம்பதைத் தாண்டிய பின்பே எழுகிறது. ஈமானின் சுவையைச் சுவைத்தவர் யார் என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அங்கே நிறைய அறிந்தவர் என்று இல்லை. இறைவனையும் மார்க்கத்தையும் தூதரையும் மனமாரப் பொருந்திக்கொண்டவர் என்றே இருக்கிறது.

அந்தச் சிறுவன் இப்போது பெரியவனாகிப் பிழைப்புக்காக வெளியூரில் இருக்கிறான். பெருநாளைக்கு வந்தால் நம்மைப் பார்க்காமல் போகமாட்டான். இம்முறை அந்த வசனத்தை நாம் ஓதி, பொருளை அவனைச் சொல்லச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறோம்.