கடைசிப் பந்தி

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் பந்திக்குத்தான் மரியாதை. வெளியூர்க்காரர்கள், பெரிய இடத்துச் சொந்தங்கள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் முண்டியடிப்பார்கள். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நின்றுகொண்டு, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசிப் பந்தியில் உட்காருவது பரிமாறியவர்களும் மாப்பிள்ளையின் சித்தப்பாக்களும்தான். கவுனி அரிசி தீர்ந்திருக்கும். அப்பளம் நமுத்திருக்கும். ஆனால் காலையிலிருந்து ஊறிய குழம்பின் நிஜ ருசி அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

வீடியோ கேமில் நான் கடைசிப் பந்திக்காரன்.

'பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்' 2009 ஆகஸ்டில் வெளியானது. லண்டனில் இருக்கும் ராக்ஸ்டெடி என்ற ஸ்டூடியோ செய்தது. நான் அதை ஆட ஆரம்பித்தது பதினைந்து வருஷத்துக்கு அப்புறம், காரைக்குடி வீட்டில், தங்கச்சி மகன் சிங்கப்பூர் போகும்போது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரில். வெளியே ஐப்பசி மழை. உள்ளே ஒரு தீவு, அதில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, ஜோக்கர் அதைக் கைப்பற்றிவிட்டான், பேட்மேன் மாட்டிக்கொண்டான். ஒரே ராத்திரிக் கதை. பொத்தானைக் கண்டபடி தட்டினால் அடி வாங்குவோம். எதிராளி கை ஓங்கும் நேரம் பார்த்துத் தட்டினால் சண்டைக்கு ஒரு தாளக்கட்டு வந்துவிடுகிறது. சுவருக்கு அப்பால் நிற்கிறவனின் எலும்புக்கூடு தெரியும் துப்பறியும் பார்வை ஒன்று இருக்கிறது. நம்மூர் யாளி மாதிரி கல் பூதங்கள் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் உட்கார்ந்து கீழே போகிறவனை ஒவ்வொருவனாக அள்ளலாம். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சம்.

போனில் மருமகப் பிள்ளையிடம் சொன்னேன். ''அம்மான், இதையா இப்ப ஆடுறீங்க? இதுக்கப்புறம் மூணு வந்து, அதுவே பழசாயிருச்சு!'' என்றான். கேலி இல்லை. கேலி என்றால் பரவாயில்லை. பரிதாபம்.

அந்தப் பரிதாபம்தான் யோசிக்க வைத்தது. சிலப்பதிகாரத்தை இப்போதுதான் படிக்கிறேன் என்றால் யாரும் 'ஐயோ பாவம்' என்பதில்லை. சினிமாவுக்கும் கேமுக்கும் மட்டும் மாத்திரை அட்டை மாதிரி ஒரு காலாவதித் தேதி அச்சாகிவிடுகிறது. தேதிக்குப் பிறகு ரசித்தால் அது மிச்சம் மீதி. நாம் பிந்தங்கியவர்கள். புதுசு என்பது பொருளில் இருக்கிறதா, பார்க்கிறவனிடம் இருக்கிறதா?

இந்த விளையாட்டின் நடுவில் ஒரு இடம் வருகிறது. என்ன என்று சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது 2040-ல் ஆடலாம். அந்த இடத்தில் நம் கை தானாகக் கம்ப்யூட்டர் ஸ்விட்ச் பக்கம் போகும். 2009-ல் அதை ஆடியவர்கள் வாரக்கணக்கில் அதைப்பற்றியே பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழாத எனக்கு அது அன்றைக்குத்தான் பிறந்த அதிர்ச்சி. வயது விளையாட்டுக்குத்தான், அதிர்ச்சிக்கு இல்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரித் தலைவன் அறையில் ஒரு சுவரை வெடிமருந்துப் பசையால் மூன்று முறை தடவித் தகர்த்தால் உள்ளே ரகசிய அறை. அடுத்த விளையாட்டான 'ஆர்க்கம் சிட்டி'யின் வரைபடம் அங்கே மாட்டியிருக்கும். சுவரில் அடையாளமே கிடையாது. உலகம் முழுக்க ஆடினார்கள், முதல் நாளே வாங்கியவர்கள் ஆடினார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாதங்கள் கழித்துச் செய்தவர்களே பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் முதல் பந்திக்காரரும் லேட்தான்!

தமிழனுக்கு சூப்பர் ஹீரோ விஷயத்தில் தாமதம் புதிதும் இல்லை. 'இரும்புக்கை மாயாவி' இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் 1962-ல் வந்த கதை. ஒரு கை போய் இரும்புக் கை மாட்டியவர், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். பத்து வருஷம் கழித்து சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தார். 'வேலியன்ட்' 1976-ல் நின்றுபோனது. இங்கே மாயாவி மறுபதிப்பு கண்டுகொண்டே இருந்தார். ரேழியில் படுத்துக்கொண்டு அதைப் படித்த எந்தப் பையனும் 'லண்டனில் இது பழசாமே' என்று புத்தகத்தை மூடி வைத்ததில்லை.

இருந்தாலும் மருமகனின் பரிதாபத்தில் ஒரு நியாயம் உண்டு. ரசனையில் பாதி, கூடப் பேச ஆள் இருப்பது. மாயாவியை லேட்டாகப் படித்தாலும் தெருவே சேர்ந்து லேட்டாகப் படித்தது. நான் தனியாக லேட். ரிட்லர் வைத்த 240 புதிர்களில் ஒன்றை ராத்திரி ஒரு மணிக்கு அவிழ்த்துவிட்டு, வளவில் நின்று யாரிடம் சொல்வது? பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் 2022 நவம்பரில் காலமாகிவிட்டார். ஆட்டத்தில் அவர் என் காதருகே பேசிக்கொண்டே வருகிறார். நடுவில் இந்த நினைப்பு வந்தால் சண்டையில் கவனம் போய்விடும். கடைசிப் பந்தியில் சில இலைகள் காலியாகத்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், கடைசிப் பந்தி என்று ஒன்று நடக்குமா என்பதே. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்து, மூன்று தலைமுறை தூங்கிய எனாமல் தூக்கு அங்கே கிடைக்கும். தட்டினால் சத்தம் வரும். அதைப் புழங்க யார் அனுமதியும் வேண்டாம். பழைய கேம்களில் சில அப்படி இல்லை. இப்போது இல்லாத ஒரு சர்வரிடம் அனுமதி கேட்டுவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும். 2020-ல் வந்த 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' 2023 செப்டம்பரோடு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஆடலாம். லேட்டாக வருகிறவனுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' கதை இன்னும் விசேஷம். 2004-ல் வந்தது. நாமே ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரே நகரத்தில் திரியலாம். 2012 நவம்பர் 30-ம் தேதி அதை நடத்திய கொரியக் கம்பெனி என்ஸிசாஃப்ட் சர்வரை அணைத்தது. ஊரே போய்விட்டது. ரசிகர்கள் துக்கம் காத்தார்கள். 2019-ல் ஒரு செய்தி கசிந்தது: சிலர் அதை ரகசியமாக வருஷக்கணக்கில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். தங்களுக்குள் மட்டும். வெளியே அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கோபம் எப்படி வந்திருக்கும்! அதன் பிறகு அது எல்லோருக்கும் திறக்கப்பட்டு, 2024 ஜனவரியில் என்ஸிசாஃப்டே ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வருக்கு முறையாக உரிமம் கொடுத்தது. அன்றைக்குப் பிறக்காத பிள்ளைகள்கூட இன்று அதில் பறக்கலாம்.

ஒளித்து வைத்தவர்களை வைவதா, கும்பிடுவதா? செட்டிநாட்டில் இது தெரிந்த வழக்குதான். வீட்டுக்குப் பதினாறு பங்காளி, சாவி ஒருவர் இடுப்பில். வருஷத்தில் பத்து நாள்கூட வீடு திறக்காது. அடுத்த தெருவில் சாவிக்காரரே இல்லாமல் போன வீட்டில் நிலைக்கதவு முதல் தேக்குத் தூண்வரை லாரி ஏறிவிட்டது. சாவிக்காரர் வீட்டைப் பூட்டித்தான் வைத்தார், பங்காளிகள் சாபம் கொடுத்தார்கள். ஆனால் தூண் நிற்கிறது. நான் கும்பிட்டுவிட்டு வைவேன். பதுக்கியது பிசகு, பதுக்கவாவது அவர்களிடம் ஒன்று இருந்தது.

முறைப்படி நடத்தியவர்களிடம் எனக்கு வருத்தம் அதிகம். காசு வாங்கிக்கொண்டு ஊரைக் கட்டி, பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவன், சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகக் கடமைப்பட்டவனா, இல்லையா? சட்டம் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டு இதைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இளவட்டங்களாகத்தான் இருப்பார்கள், முதல் பந்திக்காரர்கள். எனக்காக யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் குழம்பில் எனக்கும் ஒரு கரண்டி இருக்கிறது.