களை என்று சொல்லுமுன்

புதுமனை புகுவோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே வரிசையில் செயற்படுகின்றோம். குருவானவர் வந்து வீட்டை மந்திரிக்கிறார், பால் காய்ச்சுகிறோம், உற்றார் உறவினர் உண்டு மகிழ்ந்து விடைபெறுகின்றனர். அடுத்த வாரமே ஆளொருவரை அழைத்து, வீட்டைச் சுற்றி முளைத்திருப்பவற்றை எல்லாம் வெட்டி எறியச் சொல்கிறோம். அவை என்ன செடிகள் என்று அவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. நமக்கும் தெரியாது. பெயர் தெரியாத அனைத்திற்கும் பொதுப்பெயர் ஒன்றை நாம் வைத்திருக்கிறோம்: களை.

இச்சிறு சொல்லுக்குள் பெரியதோர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. நாம் அறியாத ஒன்றின்மீது தீர்ப்புக் கூற நமக்கு உரிமை உண்டா? உரிமை இல்லையெனில், அறியாத அனைத்தையும் நல்லதென்று ஏற்றுக்கொண்டுவிட வேண்டுமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அம்மண்ணுக்குப் புதியவர் நாமே, செடிகள் அல்ல. நேற்றுவரை வயலாகவோ புறம்போக்காகவோ கிடந்த நிலத்தைப் பொக்லைன் இயந்திரம் கொண்டு சமன் செய்து, கல் நட்டு, மனை என்று பெயரிட்டோம். மண்ணோ தன் பழைய நினைவை விடுவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற அறிஞர் 1879-இல் களைச்செடிகளின் விதைகளைப் புட்டிகளில் இட்டு மண்ணில் புதைத்து வைத்தார். அவற்றுள் ஒரு புட்டியை 2021-இல் தோண்டி எடுத்து விதைத்தபோது சில விதைகள் முளைவிட்டன. 142 ஆண்டுகள் இருளில் காத்திருந்த உயிர் அது. ஐப்பசி மழை பெய்து பத்து நாள்களில் நம் வாசலில் தலைநீட்டும் பசுமையும் இவ்வாறு காத்திருந்ததுதான்.

அப்பசுமையைக் குனிந்து பார்ப்போருக்கு வியப்பு காத்திருக்கிறது. சுவரோரம் நிற்பது குப்பைக்கீரை, தரையோடு படர்ந்து மஞ்சள் பூ விரிப்பது பருப்புக்கீரை, வேலியைப் பற்றி ஏறுவது முடக்கத்தான், ஈரக்கசிவில் நிற்பது பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும், மிதிபடும் வழியில் மூக்கிரட்டை, நிழலில் புளியாரை, குப்பைமேட்டருகே மணத்தக்காளி. நாம் பணம் கொடுத்துக் கட்டுக்கட்டாய் வாங்கும் கீரைக்கு உறவினரெல்லாம் விலையின்றி வந்து வாசலில் நிற்கின்றனர். பருப்புக்கீரையில், மற்றக் கீரைகளில் அரிதாகக் கிடைக்கும் ஒமேகா-3 கொழுப்பு மிகுந்திருப்பதை இன்றைய ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. நம் முன்னோர் அதைப் பருப்போடு கடைந்து உண்டு மகிழ்ந்தனர், ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை.

அப்படியெனில் களை என்பது என்ன? அது செடியின் இயல்பைக் குறிக்கும் சொல் அன்று. செடிக்கும் நம் நோக்கத்துக்கும் இடையிலுள்ள உறவைக் குறிக்கும் சொல். உளுந்து வயலில் முளைத்த நெல்லும் களையே. கோதுமை வயல்களில் களையாகத் திரிந்த ரை என்னும் புல்லே, கோதுமை தாங்காத குளிர்நாடுகளில் மக்களின் அப்பமாக உயர்ந்தது என்பதை ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் வவிலோவ் விளக்கிக் காட்டினார். வேண்டாதது என்று ஒருவர் எறிந்தது மற்றொருவருக்கு உணவாயிற்று.

ஆயினும் களையே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில், கொலையிற் கொடியவரை வேந்தன் ஒறுத்தலைப் பசும்பயிர் காக்கக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறார். உழவர் எவரும் இதை மறுக்கமாட்டார். இயேசு பெருமானோ, மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், களையைப் பிடுங்கத் துடிக்கும் பணியாளரைத் தடுத்து, அறுவடைவரை பொறுக்கச் சொல்லும் நிலக்கிழாரை நம் கண்முன் நிறுத்துகிறார். இரண்டும் முரண்படுகின்றனவா?

உற்று நோக்கினால் முரணில்லை. வள்ளுவர் பேசுவது செயலால் வெளிப்பட்டுவிட்ட கொடுமையைப் பற்றி. நற்செய்தி பேசுவது இன்னும் கதிர் காணாத பயிரைப் பற்றி. உவமையில் வரும் களை, கோதுமையைப் போலவே தோன்றும் ஒருவகைப் புல் என்பர் விவிலிய அறிஞர். கதிர் வெளிவரும்வரை இரண்டையும் பிரித்தறிதல் கடினம். அதற்குள் வேர்களும் பின்னிக்கொள்கின்றன. வயலில் களை இருப்பதை நிலக்கிழார் மறுக்கவில்லை. பணியாளரின் கண்ணைத்தான் அவர் ஐயுறுகிறார். தீமை இல்லை என்பதன்று அவர் தரும் பாடம். தீமையை அடையாளம் காணும் ஆற்றல் நமக்கு நாம் எண்ணுமளவுக்கு இல்லை என்பதே பாடம்.

இத்தோடு நின்றுவிட்டால் பொறுமை என்பது சோம்பலுக்கு மறுபெயராகிவிடும். எனவே மற்றொரு விவிலிய நிகழ்ச்சியையும் அருகில் வைத்துப் பார்ப்போம். அரசர்கள் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசாவின் சீடருள் ஒருவர் கீரை பறிக்க வயல்வெளிக்குச் சென்று, இன்னதென்று அறியாமலே காட்டுக்கொடி ஒன்றின் காய்களை மடிநிறையப் பறித்து வந்து கூழ்ப்பானையில் அரிந்து போட்டார். வாயில் வைத்தவர்கள் பானையில் சாவு இருப்பதாக அலறினர். பறித்தவரிடம் வஞ்சகம் இல்லை. பசியும் நல்லெண்ணமும் இருந்தன. ஆனால் அறிவு இல்லை. அறியாமல் பிடுங்குவது எவ்வளவு குற்றமோ, அறியாமல் உண்ணக் கொடுப்பதும் அவ்வளவு குற்றம்.

இது பழங்கதை மட்டுமன்று. பிரமதண்டின் விதை கடுகைப் போலவே இருக்கும். 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் அவ்விதையின் எண்ணெய் கலந்ததால் பலர் நோயுற்று மாண்டனர். நம் புறக்கடையிலும் இத்தகைய ஒப்புமைகள் உண்டு. பருப்புக்கீரை படரும் அதே தரையில் சித்திரப்பாலாடையும் படர்கிறது. இரண்டுக்கும் சிறிய இலை, சிவந்த தண்டு. கிள்ளிப் பார்த்தால் ஒன்றில் நீர் கசியும்; மற்றதில் பால் வடியும். பால் வடிவது பருப்புக்கீரை அன்று. தடித்துச் சாறு நிறைந்த இலை கீரையினுடையது. மெல்லிய இலை மற்றதனுடையது. பிடுங்கத்தான் வேண்டும் என்பவையும் உண்டு. 1950-களில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், தோலுக்கும் மூச்சுக்கும் கேடு செய்வது. அதைப் பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து வேரோடு அகற்றுவது அறமே. அறிந்தபின் அகற்றுவது வேறு. அறியாமல் அழிப்பது வேறு.

இவ்வறிவு யாரிடம் இருக்கிறது? இங்கேதான் நம் தற்பெருமை தலைகுனிய வேண்டியிருக்கிறது. படித்த நமக்குப் பெயர் தெரியாத செடிகளை, களையெடுக்க வரும் தாய்மார் தொட்ட மாத்திரத்தில் அறிவர். களைக்கொட்டு ஒரு கையில் இயங்க, மறுகை நல்ல கீரையைப் பிரித்து மடியில் இட்டுக்கொள்ளும். நிலத்துக்காரருக்குக் களையெடுப்பு முடியும். அத்தாயின் வீட்டில் மாலையில் கலவைக்கீரை கொதிக்கும். களைக்கொல்லி மருந்து வந்த இடங்களில் அவர்கள் கூலியை மட்டும் இழக்கவில்லை. அந்தக் கீரையையும், மகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வாய்ப்பையும் இழந்தார்கள்.

சங்க இலக்கியமாகிய சிறுபாணாற்றுப்படை இத்தகைய வீடொன்றைக் காட்டுகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைத்து, வறுமையின் இயல்பை அறியாதவர் பார்வைக்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். கீரையைக் கண்டு அவள் நாணவில்லை. காண்போரின் அறியாமைக்கே நாணினாள். ஏழையின் உணவைக் களை என்று இகழும் நாவு, ஏழையையும் அவ்வாறே இகழத் தயங்காது.

எளியோரின் இவ்வறிவும் ஏட்டறிவும் பகைவர் அல்லர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவர உலர்தொகுப்பகத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி, அருள்தந்தை கே. எம். மேத்யூ (2004-இல் இறைவனடி சேர்ந்தவர்), தமிழகச் சமவெளியின் செடிகொடிகளைத் திரட்டி, உலர்த்தி, பெயரிட்டு, 1980-களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். மிதித்துச் செல்லும் புல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும் பொறுமை அவருடைய ஆன்மிகத்தின் ஒரு பகுதி என்றே நாம் எண்ணுகிறோம். ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிட்டதாகத் தொடக்கநூல் கூறுவது, ஆள்வதற்கு முன் அறிய வேண்டும் என்பதைத்தானே உணர்த்துகிறது? இன்று கைப்பேசியில் படமெடுத்தால் ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. நல்லதே. ஆனால் படம் சாயலைக் காட்டுமேயன்றிக் கிள்ளிப் பார்க்காது. அப்பெயரை எடுத்துக்கொண்டு, அறிந்த மனிதர் ஒருவரிடம் செல்வதே முறை. அவரும் உறுதியாகச் சொல்லாத எதையும் வாயில் வைக்கலாகாது.

செடியைப் பற்றிய இப்பேச்சு மனிதரைப் பற்றியதாக மாறுவதை வாசகர் உணர்ந்திருப்பர். நம் பங்குகளில், தெருக்களில், பள்ளிகளில் புதிதாக வந்து சேரும் முகங்கள் உண்டு. மொழி வேறான கூலித்தொழிலாளர், ஊரின் ஓரத்தில் வைக்கப்பட்டோர், முன்னொரு காலத்தில் தவறியோர். அவர்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். செடியை அறிந்தபின் வேண்டாமென்று பிடுங்க நமக்கு உரிமை உண்டு. மனிதரை எவ்வளவு அறிந்தபின்னும் அவ்வாறு செய்ய உரிமையில்லை. பார்த்தீனியம் ஒருநாளும் கீரையாகாது. சவுல் பவுல் ஆனார். தமஸ்குவை நோக்கிச் சென்ற அம்மனிதரை வழியிலேயே எவரேனும் பிடுங்கி எறிந்திருந்தால் திருச்சபை இழந்திருக்கும் அறுவடையை எண்ணிப் பார்ப்போம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் ஒரு சிறு செய்தி இடம்பெறுகிறது. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவு மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியை எப்போதும் தொடாமல் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொண்டாராம். காட்டுப் பூக்களும் செடிகளும் தாமாக அங்கே வளர வேண்டும். காண்போர் அவற்றைப் படைத்தவரை எண்ண வேண்டும் என்பது அவர் விருப்பம்.

புதுமனையில் நாமும் அவ்வாறு ஒரு மூலையை ஒரு மழைக்காலம் மட்டும் விட்டுவைக்கலாம். பூக்கட்டும், காய்க்கட்டும். அறிந்தவரை அழைத்து வந்து ஒவ்வொன்றாய்க் கேட்போம். தீங்கானதை அகற்றுவோம், நல்லதைக் கிள்ளிச் சமைப்போம், தீங்கும் செய்யாமல் பயனும் தராமல் நிற்பதை, அதுவும் வாழட்டும் என்று விட்டுவிடுவோம். தீர்ப்பைத் தள்ளிப்போடக் கற்ற கண், செடிகளோடு நின்றுவிடாமல் மெல்ல அடுத்த வீட்டு வாசல்வரையும் சென்று பார்க்கும்.