ஆறுதல் என்பது யாது?

சகோதரர்களே! முஸீபத்து நேர்ந்த வீட்டுக்குச் செல்கிறோம். “அல்லாஹ்வின் நாட்டம், ஸபூர் செய்யுங்கள்” என்கிறோம். சொன்னது உண்மையே. ஆனால் யாருக்காகச் சொன்னோம்? அவர் துயரம் தணியவா, அல்லது அழுகையைக் காணச் சகியாத நமது சங்கடம் தீரவா?

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, நமது பினாங்கில் 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். நம்மில் பலருக்குப் பூர்வீகமான நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000 பேருக்கு மேல். நாகூர் தர்கா நிலத்தில் மதபேதமின்றிப் பலர் அடக்கப்பட்டனர். மாண்டோருக்கு மண் கிடைத்தது; எஞ்சியோர் மனத்துக்கு?

அவ்வேளையில் தாதியரின் கடமை மருந்து கட்டுவதோடு முடிவதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தார் இதற்கென்றே உள்ளூர்த் தொண்டர்களைப் பழக்கினர். 2011இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேடும் மூன்று பணிகளைக் கூறுகிறது: பார்த்தல், செவிமடுத்தல், உதவியோடு இணைத்தல்.

தாதி முதலில் தன் பெயரைச் சொல்கிறாள், தண்ணீர் தருகிறாள், போர்வை போர்த்துகிறாள், காணாமற்போன பிள்ளையை விசாரிக்க வழி செய்கிறாள். “என்ன நடந்தது, சொல்” என்று வற்புறுத்துவதில்லை. சொன்னால் குறுக்கிடாமல் கேட்கிறாள். “நீயாவது பிழைத்தாயே” என்பதில்லை. பொய் வாக்குறுதி தருவதுமில்லை. வாரக்கணக்கில் உறக்கமின்றி ஒருவர் ஒடுங்கிப் போனால், மனநல மருத்துவரிடம் சேர்ப்பிக்கிறாள்.

இது நமக்குப் புதிதன்று. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை, மதீனாப் பள்ளிவாசலில் இருந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தம் பாலகர் இப்ராஹீம் மௌத்தானபோது அண்ணலாரே கண்ணீர் வடித்தார்கள். ஆகவே கண்ணீர் ஸபூருக்குப் பகையன்று. அழ இடமளித்த பின்னரே நம் உபதேசம் உள்ளத்தில் இறங்கும்.

வர்த்தகர்களான நாம் வாரி வழங்கத் தயங்குவதில்லை. அனுப்பும் அரிசி மூட்டைக்குக் கணக்குண்டு. துயருற்றோர் அருகே மௌனமாய் அமர்ந்த நாழிகைக்கு நமது பேரேட்டில் பத்தி இல்லை. தாதி செய்வதில் பாதியையேனும் அண்டை வீட்டில் நாமும் செய்யலாம். அதற்கு முதலீடு வேண்டாம், அவசரமின்மை போதும்.

நாவை அடக்கிச் செவியைத் திறக்கும் நல்லருளை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.