கூப்பிடு தம்பி, அது வரும்!

தம்பி, உன் சிப்பிப்பாறைக் குட்டி கயிற்றை அவிழ்த்த மறுநொடி கரிசல்காட்டில் பாய்ந்து ஓடிவிடுகிறதா? தொண்டை வறளக் கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லையா? "வேட்டை நாய்னா அப்படித்தான்டா, சொல்பேச்சு கேக்காது, கட்டிப்போடு" என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொல்கிறார்களா? உதறு அந்தப் பேச்சை! அந்த நாய் திரும்பும். உன் ஒரே குரலுக்குத் திரும்பும். திருப்பும் வல்லமை உனக்கு இருக்கிறது!

முதலில் உன் கையில் இருப்பது என்ன என்று அறிந்துகொள். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் வேட்டையாடும் இனங்கள். தூரத்தில் ஒரு புதர் அசைந்தால் போதும், உடம்பு முழுதும் அந்தத் திசைக்குத் திரும்பிவிடும். காதுக்கு அப்புறம்தான் வேலை. எஜமான் உத்தரவுக்குக் காத்து நிற்காமல் தானே முடிவெடுத்துப் பாயும் குட்டிகளைத்தான் நம் பாட்டன் பூட்டன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாயினங்களில் ராஜபாளையமும் ஒன்று. அப்பேர்ப்பட்ட ரத்தம் ஓடுகிறது, ஓடட்டும்! அந்த வேகத்தைத் திமிர் என்று எண்ணி அடித்து அணைக்க நினைக்காதே.

ஆனால் திரும்பி வரக் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச்சாலை விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நம் காடுகளை அறுத்துக்கொண்டு போகிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் புஞ்சைகளில் வாய்பிளந்து கிடக்கின்றன. முயலையோ மானையோ மயிலையோ வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உன் நாய் விரட்டிப் பிடித்தாலும் பதில் சொல்லவேண்டியவன் நீ. வல்லநாட்டு வெளிமானுக்கும் உயிர் உண்டு, உன் குட்டிக்கும் உயிர் உண்டு. இரண்டையும் காக்கப்போவது உன் குரல்.

அந்தக் குரலை நாய் ஏன் மதிக்கவில்லை? நேற்றுவரை நீ கூப்பிட்டதை எல்லாம் நினைத்துப் பார். குளிப்பாட்டக் கூப்பிட்டாய். சங்கிலி மாட்டக் கூப்பிட்டாய். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்கு இழுத்துப்போகக் கூப்பிட்டாய். லேட்டாக வந்ததற்கு முதுகில் ஒன்று வைத்தாய். ஓடியதற்குத் தண்டனை என்று நீ நினைத்தாய். வந்ததற்குத் தண்டனை என்று அது படித்துக்கொண்டது! கூப்பிடுவது என்பது நாய்க்கு நீ கொடுக்கும் வாக்கு. "வந்தால் நல்லது நடக்கும்" என்ற வாக்கு. அதைக் காப்பாற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும், கோபத்தில் உன் கை நடுங்கினாலும், வந்த நாயைத் தடவிக்கொடு. தன் கோபத்தை விழுங்கத் தெரிந்தவனுக்கு எந்த நாயும் பழகும்.

பழைய கூப்பாடு கெட்டுப்போயிருந்தால் விட்டுவிடு, புதிதாக ஒன்றைத் தொடங்கு. நான் சீழ்க்கையைத்தான் சொல்வேன். வாய்ச்சொல்லில் கோபமும் பதற்றமும் ஏறிவிடும். விசிலில் அவ்வளவாக ஏறாது. நாயின் காது கேட்கும் உச்ச ஒலி நம் காதுக்கு எட்டாது; எவ்வளவு உச்ச ஒலிவரை காது கேட்கும் என்று சோதிக்க 1876-லேயே பிரான்சிஸ் கால்ட்டன் ஒரு விசில் செய்தார். உனக்கு அதுகூட வேண்டாம். எப்போதும் ஒரே மாதிரி அடிக்க வரும் ஒரு விசில் போதும். வீட்டுக்குள் தொடங்கு. விசில் அடி, உடனே வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. அப்புறம் முற்றம், அப்புறம் ஆளில்லாத களம், அப்புறம் வரப்பு. ஆடுகள் கண்ணுக்குத் தெரியும் இடம் கடைசியில்தான். ஓரிடத்தில் தேறாமல் அடுத்த இடத்துக்குத் தாவாதே.

வெளியில் வந்துவிட்டால் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டாயம். கழுத்தில் கட்டாதே, மார்புப் பட்டையில் கட்டு. முழு வேகத்தில் ஓடி நிற்கிற நாயின் கழுத்து அந்த வெட்டைத் தாங்காது. ஒருதரம் கூப்பிடு. ஒரே ஒருதரம்! வரவில்லையா? பின்னால் துரத்தாதே, அது விளையாட்டு என்று இன்னும் ஓடும். எதிர்த்திசையில் நீ ஓடு! ஓடுவதைத் துரத்தப் பிறந்த நாய் உன்னைத் துரத்தி வரும். வந்ததும் ஈரலைக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடு. இதுதான் பலர் செய்யத் தயங்குவது, இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அதிகம் விரும்பும் செயலையே குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் எழுதினார். சிப்பிப்பாறைக்கு ஓட்டத்தைவிடப் பெரிய பரிசு எது? பெரும்பாலான தடவை திரும்பி வந்ததும் விடுதலை கிடைக்கட்டும். சங்கிலி எப்போதாவது போதும்.

மின்சாரப் பட்டை மாட்டலாம் என்று எவராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு. ஷாக் அடிக்கும் கணத்தில் எதிரே ஒரு குழந்தை நின்றால், வலி அந்தக் குழந்தையால் வந்தது என்று நாய் நினைத்துவிடலாம்.

தங்கச்சி, நீயும் கேள். ஐந்து மாதத்தில் ஓடிவந்த குட்டி எட்டு மாதத்தில் உன்னை யாரோபோலப் பார்க்கும். அன்றைக்கு உடைந்துபோகாதே! இங்கிலாந்தில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். 'உட்கார்' என்று வளர்த்தவர் சொன்னால் எட்டு மாதக் குட்டிகள் அதிகம் தட்டிக்கழித்தன. அந்நியர் சொன்னால் கேட்டன! ஒரு வயதில் அந்த முரண்டு தணிந்திருந்தது. விடலைப் பருவம், அவ்வளவுதான். பலர் மனம் சலித்து நாயைச் சங்கிலியில் போடுவதும், கைமாற்றி விடுவதும் இந்தச் சில மாதங்களில்தான். நீ நில்! கயிற்றை மறுபடி மாட்டு, முற்றத்துக்குத் திரும்பு, ஈரல் துண்டைப் பெரிதாக்கு. தோற்றதாக எண்ணாதே; அது வளர்கிறது, நீயும் கூட வளர்.

எவ்வளவு தேறிய நாயாக இருந்தாலும் நான்குவழிச்சாலை ஓரத்தில் அவிழ்க்காதே. அங்கே ஒரு தவறுக்குக்கூட இடமில்லை.

இன்று சாயங்காலமே தொடங்கு. பசியோடு இருக்கட்டும் குட்டி, சோறு வைக்கும் முன் களத்துக்குக் கூட்டிப்போ. கயிற்றின் நுனி உன் கையில். ஓடவிடு, அது தானாக உன் பக்கம் தலைதிருப்பும் கணத்துக்குக் காத்திரு, அப்போது விசில் அடி. வந்துவிடும். கொடு, தடவு, "ஓடு!" என்று மறுபடி விடு. ஐந்தாறு தரம் போதும். அதற்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்து. நாளைக் காலை வெயில் ஏறுமுன் மறுபடி போ!