பலனும் தண்டனையும்

குற்றத்தை நிரூபிப்பதிலுள்ள சங்கடங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். நிரூபணமான பின்பு விதிக்கப்படும் தண்டனை எவ்வளவாக இருப்பது நியாயம் என்பதைப் பற்றிப் பொறுமையோடு சிந்தித்தவர்கள் சிலரே. நீதிமன்ற வழக்குகளில் சாட்சியத்தைப் பற்றிய ஐயங்கள் முன்னே நின்று இந்த இரண்டாம் கேள்வியை மறைத்துவிடுவதால், அத்தகைய ஐயங்கள் பெரும்பாலும் எழாத ஒரு துறையில் அதை வைத்து விசாரிப்பது பயனுடையது. அமெரிக்காவில் நாஸ்கார் ஸ்தாபனம் நடத்திவரும் ஸ்டாக் கார் பந்தயம் அப்படிப்பட்ட துறை. இஞ்சினின் கொள்ளளவு இத்தனை கன அங்குலம் என்று விதி சொல்லும். அதை மிஞ்சியதா இல்லையா என்று கருவி சொல்லும். அதற்குமேல் மறுப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை.

கடையில் விற்கும் காரையே மாற்றமின்றி ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த ஸ்தாபனம் 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நடத்திய முதற் பந்தயத்திலேயே இந்தப் பிரச்சினை பிறந்துவிட்டது. முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டு காரைச் சோதித்தபோது, அதன் பின்புற ஸ்பிரிங்குகள் கள்ளச்சாராயம் கடத்துவோர் கையாளும் முறையில் திருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போயிற்று. காரின் சொந்தக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்க, நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். போலீஸாரிடமிருந்து தப்புவதற்காகப் பலப்படுத்திய ஸ்பிரிங் பந்தய அதிகாரியிடம் அகப்பட்டுக்கொண்டதிலுள்ள வேடிக்கை ஒருபுறமிருக்க, காரை ஓட்டியவர் அதை அறிந்திருந்தாரா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமே இல்லை என்பதுதான் நம் கவனத்துக்குரியது.

செயலா, மனமா என்ற இதே கேள்வியைப் பற்றிப் பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயம் என்ற நூலில் உபாலி சுத்தம் என்று ஒரு சம்வாதம் உண்டு. ஜைன மதத் தலைவரான நிகண்ட நாதபுத்தரின் சீடனும் நாலந்தாவின் தனவானுமான உபாலி, காயத்தால் செய்யும் கர்மமே பாவங்களில் கொடியது என்று நிலைநாட்டப் போய், மனத்தால் செய்யும் கர்மமே கொடியது என்ற புத்தரின் வாதத்துக்கு வசப்பட்டு அவருக்கே உபாசகனாகிறான். எதிர்க்கட்சியின் சித்தாந்தத்தை எழுதியவர்கள் பௌத்தர்களாகையால், ஜைனர்கள் இதை அப்படியே ஒப்பமாட்டார்கள். அவர்களுடைய நூல்களிலும் உத்தேசத்துக்கு இடமுண்டு. ஆயினும் பந்தயத்தின் சோதனைக் கொட்டகையில் ஆட்சி புரிவது உபாலி முதலில் கொண்டிருந்த கொள்கையே. அங்கே காயம் மட்டுமே அளக்கப்படுகிறது, மனம் அளக்கப்படுவதில்லை.

இதனால் விளைந்ததைப் பார்ப்போம். 1983இல் அதே சார்லட் நகரில் வென்ற ரிச்சர்ட் பெட்டியின் இஞ்சின், 358 கன அங்குலம் என்ற வரம்பை மிஞ்சி ஏறக்குறைய 382 இருந்தது. இடப்பக்கத்து டயர்களை வலப்பக்கத்தில் மாட்டியதும் கண்டறியப்பட்டது. அவருக்கு 35,000 டாலர் அபராதமும் புள்ளிக் குறைப்பும் விதிக்கப்பட்டன. வெற்றியோ அவர் கணக்கிலேயே நின்றது. 2009இல், பெரிய முதலீடு ஏதுமின்றிச் சொந்த முயற்சியால் பந்தயத்தில் கலந்துகொண்டு வந்த கார்ல் லாங் என்பவரின் இஞ்சின் பயிற்சி ஓட்டத்திலேயே பழுதுபட்டுக் கழற்றப்பட, அதை அளந்தவர்கள் 358.17 கன அங்குலம் என்று கண்டார்கள். மிகுதி இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டியின் மிகுதியோ பதினைந்தில் ஒரு பங்கு. லாங்கின் இஞ்சின் ஒரு வெற்றியையும் ஈட்டித் தரவில்லை. ஆயினும் க்ரூ சீஃப் எனப்படும் அவருடைய மெக்கானிக் தலைவர்மீது 200,000 டாலர் அபராதமும், லாங்குக்குப் பன்னிரண்டு பந்தயங்களுக்குத் தடையும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தடை எட்டாகக் குறைந்ததே தவிர அபராதம் குறையவில்லை. அதைக் கட்ட இயலாத அந்தச் சிறு குழு உயர்தரப் பந்தயங்களிலிருந்து ஒதுங்க நேர்ந்து, லாங் அவற்றில் மறுபடி ஓட்டியது 2017இல்தான்.

மனத்தைப் பாராத நியாயம் இருந்துபோகட்டும், ஆனால் அது எங்கே இருக்கவேண்டும் என்பதே என் கேள்வி. திருட்டுப் பொருளென்று அறியாமல் ஒரு மாட்டை வாங்கியவனும் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவனே. அதற்காக அவனைச் சிறைக்கு அனுப்புவது அதர்மம். முறைக்கு மாறாகக் கிடைத்த பலனை மீட்பதற்கு உத்தேசத்தை விசாரிக்க வேண்டுவதில்லை. துன்பம் விதிப்பதற்கோ அது இன்றியமையாதது. இந்த இரண்டையும் பிரிக்காததே குழப்பத்துக்கு மூலம். பெட்டியிடமிருந்து மீட்கவேண்டிய பலனை விட்டுவிட்டு அபராதம் வாங்கினார்கள். மீட்பதற்குப் பலனே இல்லாத லாங்கின் குழுவுக்கும் அபராதமே விதித்தார்கள். வென்றவர் இன்னார் என்று அறிந்தே ஜனங்கள் வீடு திரும்பவேண்டும் என்ற பழைய கொள்கையை ஸ்தாபனம் 2019இல் கைவிட்டு, சோதனையில் தவறியவரின் வெற்றியை நீக்கத் தொடங்கியது, இவ்வகையில் நல்ல மாறுதலே. 2022இல் பொக்கோனோவில் முதலிரண்டு இடங்களைப் பெற்ற டென்னி ஹாம்லின், கைல் புஷ் இருவரின் கார் முகப்புகளில் கூடுதலாக ஒட்டியிருந்த பட்டைகளுக்காக இருவரையும் நீக்கி, மூன்றாமவரான சேஸ் எலியட்டுக்கு வெற்றியை அளித்தார்கள். அதைக் கடுமை என்றவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உத்தேசத்தை விசாரிக்கத் தொடங்கினால் எல்லோரும் அறியாமையையே கவசமாக அணிவார்கள் என்ற ஆட்சேபம் வலிமையுள்ளது. இந்தத் தொழிலில் கபடமே கலையாக வளர்ந்திருக்கிறது. பெட்ரோல் தொட்டியின் அளவை மட்டுமே விதி குறித்திருக்கிறது, அதிலிருந்து செல்லும் குழாயின் அளவைக் குறிக்கவில்லை என்று கண்டு, தடித்த நீண்ட குழாயைப் பொருத்தினார் என்று மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக்கைப் பற்றி இன்றும் வியந்து பேசுகிறார்கள். அவருடைய மனம் விதியை ஏய்த்தது. காரோ விதிக்கு உட்பட்டிருந்தது. அளவுகோல் அவரை விட்டுவிடும், லாங்கைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மனத்தைப் பாராமையால் கபடம் தடைப்படும் என்பதும் முழு உண்மையன்று.

மேல்முறையீட்டிலும் இந்தக் குழப்பம் தீரவில்லை. 2023 மார்ச்சில் ஃபீனிக்ஸில், காரின் மூடியிலுள்ள காற்றுத் திறப்புகளை மாற்றியதாக ஹெண்ட்ரிக் நிறுவனத்தின் நான்கு கார்களுக்கும் காவ்லிக் நிறுவனத்தின் ஒரு காருக்கும், தலா 100,000 டாலரும் 100 புள்ளிகளுமாக ஒரே தண்டனை விதித்தார்கள். செல்வமிகுந்த ஹெண்ட்ரிக்குக்கு ஒரு மேல்முறையீட்டுக் குழு புள்ளிகளை முழுவதும் திருப்பியளித்து அபராதத்தை நிலைநிறுத்த, காவ்லிக்குக்கு வேறொரு குழு 25 புள்ளிகளை மட்டுமே குறைத்தது. இந்த முரண்பாட்டுக்குப் பின் ஸ்தாபனம் செய்த பரிகாரம், குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே தண்டனையைக் குறைக்கலாகாது என்று மேல்முறையீட்டுக் குழுக்களைக் கட்டுப்படுத்தியதே. கருவியால் அறிய முடியாத உத்தேசத்தை விசாரிப்பதற்கு அந்த அமைப்பில் இருந்தது அந்த மேல்முறையீட்டு வழி ஒன்றுதான்.